இரும்பு செம்பாகுமா?

துருசு என்றும் மயிற்றுத்தம் என்றும் தமிழ் மருத்துவர் வழங்கும் நீலக் கல்லை நீரிற் கரைத்து, அரத்தாளால் தேய்த்துத் துலக்கிய ஓர் இரும்பாணியை நூலிற் கட்டி அக்கரைசலுள் தொங்கவிட்டால், சில நிமிடங்களுள் ஆணியின் மேற் செந்நிறப் படிவொன்று தோன்றும். மறுநாட் காலையில் நோக்கின், கரைசலின் நீலம் வெளிறி இளம்பச்சை சாயத் தொடங்கியிருக்கும். ஆணியைத் தட்டினால் செந்தூள் உதிர்ந்து முகவையின் அடியிற் படியும். அத்தூள் செம்பு. இரசாயனம் கற்கும் மாணவர் ஆய்வுகூடத்தில் முதன்முதற் செய்யும் பரிசோதனைகளுள் இதுவும் ஒன்று. உலோக இடப்பெயர்ச்சித் தாக்கம் என்பது பாடநூல் இதற்கு இட்ட பெயர். செம்பிலும் தாக்குதிறன் மிக்க இரும்பு, செப்புச் சல்பேற்றுக் கரைசலிலிருந்து செம்பை வெளியேற்றித் தான் அவ்விடத்தைப் பெறுகின்றது எனப் பரீட்சையில் எழுதினால் முழுப்புள்ளியும் கிடைக்கும்.

அந்த ஒரு வாக்கியத்தை எழுதுதற்கு மனித குலம் ஏறக்குறைய 2000 ஆண்டுகள் காத்திருந்தது. அதற்குக் காரணம் மக்கள் இந்நிகழ்ச்சியைக் காணாமை அன்று. கண்டார்கள், பன்முறை கண்டார்கள், அதனாற் பெரும்பொருளும் ஈட்டினார்கள். ஆயினும் கண்ணாற் கண்டதற்கு என்ன பொருள் கொள்வது என்பதிலேயே மயங்கினார்கள். இட்டது இரும்பு, எடுத்தது செம்பு. ஆகவே இரும்பே செம்பாக மாறிற்று என்பதன்றி வேறென்ன எண்ணத் தோன்றும்?

இவ்விந்தையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புக்கள் சீன நாட்டில் உள்ளன. கி.மு. 122 இல் இறந்த லியூ ஆன் என்னும் சிற்றரசனின் அவையில் தொகுக்கப்பட்டதாகக் கூறப்படும் நூலொன்று, நீலச் செப்புக்கனியம் இரும்பைச் சேர்ந்தால் செம்பாகும் எனச் சொல்கின்றது. சீனரின் பழைய மருந்து நூலும் இதனையொத்த செய்தியைக் கூறும். கி.பி. 4ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த கோ ஹுங் என்பவர் இரசவாதத்திற் பெரும் பற்றுடையவர், சாகாமருந்து தேடியவர். அத்தகையவரே, நீலக் கனியத்தை இரும்பின் மேற் பூசினால் இரும்பு செம்பைப் போலச் சிவக்கும் என்று எழுதிவிட்டு, புறம் மாறுகின்றதேயன்றி அகம் மாறுவதில்லை எனவும் குறித்துள்ளார். பொன்செய்யும் ஆசையுடையார் ஒருவரிடத்து இத்துணைக் கூர்ந்த நோக்கு இருந்தமை வியத்தற்குரியது. அவர் சொல்லை அக்காலத்தில் மேற்கொண்டு ஆராய்ந்தவர் இலர்.

சுங் வமிசத்தார் சீனத்தை ஆண்ட காலத்தில் (960–1279) இந்த விந்தை, அரசின் கருவூலத்துக்கே உயிர்நிலையாயிற்று. அக்காலச் சீனத்தில் வணிகம் பெருகியது. வணிகத்துக்கு வேண்டிய நாணயமோ செம்பினால் ஆகியது. நடுவே சதுரத் துளையிட்ட சிறு காசுகளை ஆயிரம் ஆயிரமாகக் கயிற்றிற் கோத்து வழங்கினர். 1080ஆம் ஆண்டில் மாத்திரம் 50 இலட்சம் கோவைக்கு மேற்பட்ட காசு வார்க்கப்பட்டது. இத்துணைச் செம்புக்கு எங்கே போவது? சுரங்கங்கள் ஆழமாக ஆழமாகச் செலவு மிகுந்தது. உலைக்கு வேண்டிய கரிக்காகக் காடுகள் அழிந்தன.

கியாங்சி மாகாணத்து யென்ஷான் என்னும் மலைநாட்டில் கைக்கும் நீரூற்றொன்று ஓடைபோல் ஓடியது. 11ஆம் நூற்றாண்டின் பேரறிஞரான ஷென் குவோ அதனைப் பற்றி எழுதியுள்ளார். அவ்வூற்று நீரை முகந்து காய்ச்சினால் துருசு கிடைக்கும். துருசைக் காய்ச்சினால் செம்பு கிடைக்கும். துருசு காய்ச்சிய இரும்புக் கலம் நாளடைவில் தானே செம்பாகிவிடும் என்பது அவர் தரும் செய்தி. செப்புக் கனியம் நிறைந்த மலைப்பாறையினூடு மழைநீர் இறங்கும்போது, காற்றும் நீரும் சேர்ந்து அக்கனியத்தை அரித்துச் சல்பேற்றாக்குவதால் அந்நீர் துருசுநீராயிற்று. ஊரவர் இதனை அறியார். கலம் மாறியதை மட்டும் அறிவர்.

அவ்வறிவைத் தொழிலாக்கியவர்களுள் ஜாங் சியென் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1094ஆம் ஆண்டிற்கும் 1098ஆம் ஆண்டிற்கும் இடையில், செம்பை ஊறவைத்து எடுக்கும் முறையைப் பற்றி அவர் ஒரு கைந்நூல் எழுதினார். உலகத்தில் இத்தாக்கத்துக்கென்றே எழுந்த முதல் நூல் அதுவாகலாம். நூல் இன்று இல்லை. பிற்காலத்தார் ஒருவர் அதற்கு எழுதிய முன்னுரை மாத்திரம் எஞ்சியுள்ளது. செய்முறை எவ்வாறு இருந்தது என்பதைச் சுங் வமிசத்து வரலாற்றேடு சொல்கின்றது. இரும்பை மெல்லிய தகடுகளாக அடித்து, துருசுநீர் ஓடும் தொட்டிகளில் வரிசையாக அடுக்குவர். சில நாளில் தகடு மெலிந்து, அதன்மேற் செந்நிறக் கரிபோன்ற படிவு ஏறும். அதனைச் சுரண்டி எடுத்து உலையிலிட்டு மும்முறை உருக்கினால் நல்ல செம்பாகும். சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை; பாறையை வறுத்து உருக்கும் பெருஞ்செலவும் இல்லை. வடநாட்டை 1127 இல் இழந்து தெற்கே ஒடுங்கிய சுங் அரசுக்கு இம்முறையாற் கிடைத்த செம்பு பெருந்துணையாயிற்று.

அவ்வேட்டிலேயே கணக்கொன்றும் உண்டு. இரண்டு சீன இறாத்தலும் நான்கு அவுன்சும் இரும்பு செலவாகி ஓர் இறாத்தற் செம்பு கிடைத்தது என்பது அது. அவர்களுடைய இறாத்தலுக்கு அவுன்சு 16. ஆகவே 100 பங்கு செம்பு பெறுவதற்கு 225 பங்கு இரும்பு அழிந்தது. இன்றைய மாணவன் ஒருவன் அணுத்திணிவுகளைக் கொண்டு கணிப்பானாயின், 56 பங்கு இரும்பு 63.5 பங்கு செம்பை வெளியேற்ற வல்லது என்றும், 100 பங்கு செம்புக்கு 88 பங்கு இரும்பே போதும் என்றும் காண்பான். எஞ்சிய இரும்பு எங்கே போயிற்று? மலையிலிருந்து வரும் துருசுநீரில் செம்பு மட்டும் இல்லை; தனி அமிலமும் பெரிக்கு உப்பும் அதிற் கலந்துள்ளன. அவை இரண்டும் இரும்பைக் கரைக்கும். செம்பு எதனையும் தரமாட்டா. உலையிற் போன செம்பும் உண்டு. அக்காலக் கணக்கர் இக்காரணங்களை அறியார் எனினும், எடையை உள்ளபடி எழுதி வைத்தாரே, அதற்காக அவரைப் போற்ற வேண்டும். இரும்பு அப்படியே செம்பாக மாறுமாயின் எடைக்கு எடை கிடைத்திருத்தல் வேண்டுமன்றோ என்ற கேள்வி அக்கணக்கினுள்ளேயே கிடந்தது. கேட்பார் பிற்காலத்தில், பிற நாட்டில் தோன்றினர்.

ஐரோப்பாவிலும் இதே மயக்கம் நிலவியது. இன்று சிலோவாக்கியா எனப்படும் நாட்டில் சுமோல்னிக்கு, எறென்குறுண்டு என்னும் இரு சுரங்க ஊர்கள் இருந்தன. சுமோல்னிக்கின் பழைய சுரங்கக் குழியொன்றிலிருந்து இறைத்த நீர் இரும்பைத் தின்று செம்பாக்குகின்றது என்னும் செய்தியைச் சுரங்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் அகிரிக்கோலா (1494–1555) பதிவு செய்தார். எறென்குறுண்டுக் கைவினைஞர், அவ்வாறு பெற்ற செம்பினாற் கிண்ணங்கள் செய்து பொன்முலாம் பூசி, முன்பு இரும்பாயிருந்தது இப்போது செம்பாயிற்று என்னும் கருத்துப்படச் சிறு வாசகங்களை அவற்றிற் பொறித்தனர். 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளிற் செல்வர் அவற்றை விரும்பி வாங்கினர். ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் அக்கிண்ணங்களை இன்றுங் காணலாம். இரும்பு செம்பாகுமாயின் செம்பு பொன்னாகாதோ என்று இரசவாதிகள் வாதிட்டபோது, அதற்கு மறுமொழி சொல்வது எளிதாயிருக்கவில்லை.

மறுமொழி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இத்தாலியிற் பிறந்த மருத்துவர் அஞ்செலோ சாலா, துருசு என்பது யாது என ஆராய்ந்தார். துருசைக் கூறுபடுத்திச் செம்பையும் அமிலத்தையும் நீரையும் பெற்றார். பின் அம்மூன்றையுஞ் சேர்த்து மீண்டும் துருசையே ஆக்கினார். அவ்வாறாயின் செம்பு நீலக்கரைசலில் முன்னரே இருந்தது, இரும்பு அதனை வெளியே கொணர்ந்தது, அவ்வளவே. பிரித்தல், மீளச் சேர்த்தல் என்னும் இவ்விரண்டு படிகளும் இன்றுள்ள பாடநூல்களில் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆயின் பல நூற்றாண்டு நம்பிக்கையை ஆட்டம் காணச் செய்தவை அவையே. நம்பிக்கை உடனே மாண்டதென்று கருதவேண்டா; கிண்ணங்கள் அதற்குப் பின்னும் நூறாண்டுக்கு மேல் விற்பனையாயின.

செம்பு கரைசலில் இருந்தது என்பது தெளிந்தபின் எழுந்த வினா, அது ஏன் வெளியேறியது என்பது. ஐசாக்கு நியூற்றன் தம் ஒளியியல் நூலின் இறுதியிற் சேர்த்த வினாக்களுள் 31ஆம் வினா இதனைப் பற்றியது. அதன் முதல் வடிவம் 1706 இல் இலத்தீன் பதிப்பில் வெளிவந்தது. நைத்திரிக்கமிலத்திற் கரைந்த வெள்ளியைச் செம்பு வெளியேற்றும். கரைந்த செம்பை இரும்பு வெளியேற்றும். கரைந்த இரும்பை நாகக் கனியம் வெளியேற்றும் என வரிசையாக எடுத்துக் காட்டி, அமிலத்தின் துகள்கள் ஓர் உலோகத்தினும் மற்றோர் உலோகத்தால் வலிதிற் கவரப்படுகின்றன போலும் என்றார் அவர். கோள்களின் இயக்கத்துக்கு விதி கண்டவர், முகவையினுள் நிகழ்வதற்கும் கவர்ச்சியையே காரணமாக நினைத்தது இயல்பு. அக்காரணம் இன்றைய கொள்கையோடு பொருந்தாது. அவர் தந்த வரிசை பொருந்தும்.

வரிசையை அட்டவணையாக்கியவர் பிரான்சு நாட்டு எத்தியென் யோபுருவா. 1718 இல் பாரிசு விஞ்ஞானக் கழகத்தில் 16 நிரல்களைக் கொண்ட நாட்ட அட்டவணையை அவர் வெளியிட்டார். சுவீடன் நாட்டுப் பேர்க்குமன் 1775 இல் அதனைப் பெரிதும் விரித்தார். ஒன்றைவிட்டு ஒன்றைத் தேர்ந்து கூடும் பொருள்களின் இந்த இயல்பு அக்காலத்து இலக்கியகாரரையும் கவர்ந்தது. கேதே என்னும் செருமானியப் பெரும்புலவர் 1809 இல், மணவாழ்க்கையில் நிகழும் பிரிவையும் கூடலையும் பற்றித் தாம் எழுதிய நாவலுக்கு இவ்விரசாயனச் சொல்லையே பெயராக இட்டார்.

1800ஆம் ஆண்டில் வோல்ற்றா மின்னடுக்கை அமைத்ததன்பின் இவ்வாராய்ச்சி புதுவழியிற் சென்றது. நாகத்தையும் செம்பையும் ஈரத்துணியால் இடையிட்டு அடுக்கினால் மின்னோட்டம் பிறக்கின்றது. எவ்வுலோகம் எவ்வுலோகத்தை வெளியேற்றுமோ அதே வரிசையே மின்னடுக்கிலும் காணப்பட்டது. 1836 இல் தானியல் என்பவர் ஆக்கிய மின்கலம் இதனை எவரும் காணுமாறு விளக்கிற்று. நாகத்தைத் துருசுக் கரைசலில் நேரே இட்டால் செம்பு படியும், வெப்பம் பிறக்கும், வேறொன்றும் இல்லை. நாகத்தை ஒருபுறமும் துருசுக் கரைசலை மறுபுறமும் நுண்டுளைச் சுவரொன்றாற் பிரித்து, கம்பியால் இணைத்தால், அதே தாக்கம் ஏறத்தாழ 1.1 உவோல்ற்று மின்னைத் தருகின்றது. தந்தி நிலையங்கள் நெடுங்காலம் இம்மின்கலத்தாலேயே இயங்கின.

இவ்வறிவைக் கடலுக்குக் கொண்டுசென்ற அம்பிரி தேவியின் கதை சற்று விரித்துரைத்தற்குரியது. பிரித்தானியக் கடற்படையின் மரக்கப்பல்களைப் புழு துளைக்காதிருக்க 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு அவற்றின் அடிப்புறத்திற் செப்புத்தகடு வேய்ந்து வந்தனர். உவர்நீர் செம்பை அரித்தது. தகட்டை அடிக்கடி மாற்றப் பெரும்பணம் செலவாயிற்று. கடற்படையினர் தேவியை அணுகினர். அவர் தம் உதவியாளரான பரடேயுடன் பல பரிசோதனைகள் செய்து, செப்பின் பரப்பில் நாற்பதிலொரு பங்கு முதல் நூற்றைம்பதிலொரு பங்கு வரையுள்ள சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ செம்புடன் பொருத்தினால், அத்துண்டே அரிந்துபோகும், செம்பு சேதமின்றி நிலைக்கும் என 1824 இல் அறிவித்தார். தாக்குதிறன் மிக்கது தன்னைக் கொடுத்துக் குறைந்ததைக் காக்கின்றது. முகவையில் இரும்பாணி கரைவதும் கப்பலடியில் நாகத்துண்டு கரைவதும் ஒரே விதியின்பாற்படும்.

விதி தவறவில்லை. சமராங்கு என்னும் போர்க்கப்பலுக்கு இக்காப்பு இடப்பட்டது; அது நோவாசுக்கோசியா வரை சென்று மீண்டபோது செம்பு பழுதின்றி இருந்தது. ஆனால் இவ்வாறு காக்கப்பட்ட கப்பல்களின் செம்பின் மேல் கடற்பாசியும் சிப்பியும் அடர்ந்தன. செம்பு சிறிது சிறிதாக அரிந்து கடல்நீரிற் கலந்த காலத்தில், அந்நஞ்சே பாசியையும் சிப்பியையும் அண்டவிடாது தடுத்திருந்தது. அரிப்பை நிறுத்திய தேவி, தம்மை அறியாமலே அத்தடையையும் நீக்கிவிட்டார். கப்பல்கள் வேகம் இழந்தன. 1825 இல் கடற்படை அம்முறையைக் கைவிட்டது; பத்திரிகைகள் தேவியை எள்ளி நகையாடின. சோடியத்தையும் பொற்றாசியத்தையும் உலகுக்குக் கண்டளித்த பேரறிஞரை அவ்வேளனம் மிக வருத்தியது. 1829 இல் அவர் மறைந்தார். உருக்குக் கப்பல்கள் வந்தபின் அவர் முறை மீண்டும் தலையெடுத்தது; இன்று கடலோடும் உருக்குக் கலங்களின் அடியில் நாகத்தாலோ அலுமினியத்தாலோ ஆகிய காப்புக்கட்டிகள் பொருத்தப்படுகின்றன.

உலோகங்களை ஒரே தொடரில் நிரைப்படுத்தும் ஆராய்ச்சியை உருசியாவைச் சேர்ந்த பெக்கெத்தோவு 1865 இல் நூலாக வெளியிட்டார். 1887 இல் அரீனியசு, உப்புக்கள் நீரில் மின்னேற்றமுள்ள அயன்களாகப் பிரிந்து நிற்கின்றன என்றார். 1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டார். இவற்றின் பின்னரே நிகழ்ச்சியின் உள்ளியல்பு புலனாயிற்று. இரும்பணு ஒவ்வொன்றும் இரண்டு இலத்திரன்களை இழந்து அயனாகிக் கரைசலுட் செல்கின்றது. அவ்விரண்டு இலத்திரன்களையும் செப்பயன் ஏற்று உலோகச் செம்பாகி ஆணியிற் படிகின்றது. சல்பேற்று இத்தாக்கத்திற் பங்குகொள்வதில்லை, அது பார்த்துக்கொண்டிருப்பதே. நியூற்றன் அமிலத்தை முதன்மையாகக் கொண்டார். உண்மையில் கைமாறியது அவர் காலத்தில் எவரும் கனவிலும் கண்டிராத இலத்திரன்.

பள்ளி ஆய்வுகூடத்தில் இப்பரிசோதனையை ஒரே ஆணியோடு முடித்துவிடுவது பெருங்குறை. மாணவன் மறுதலையையும் செய்து பார்த்தல் வேண்டும். பெரசுச் சல்பேற்றுக் கரைசலிற் செப்புத்தகட்டை இட்டு ஒருநாள் முழுதும் காத்திருந்தாலும் ஒன்றும் நிகழாது. ஒன்றும் நிகழாமையும் ஒரு பேறு என்பதை இளையோர் எளிதில் ஏற்பதில்லை. ஆயினும் வரிசையை நிறுவுவது அதுவே. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலிற் செப்புக்கம்பியைத் தொங்கவிடுவது கண்ணுக்கு விருந்து. கம்பியெங்கும் வெள்ளி ஊசிகள் கிளைவிட்டு மரம்போல் வளர, நிறமற்ற கரைசல் மெல்ல நீலமாகும். கரைசல் கையிற் பட்டால் தோல் கறுத்துச் சில நாள் மாறாதாகையால் எச்சரிக்கை வேண்டும். சோடியத்தைத் துருசுக் கரைசலில் இட்டுப் பார்க்கலாமே என்று துணிவோரும் உளர். அது செம்பை வெளியேற்றுமுன் நீரோடு சினந்து தாக்கி எரியும். ஆதலின் ஒருபோதும் செய்தலாகாது.

எல்லாவற்றினும் சிந்தனையைத் தூண்டுவது அலுமினியம். தொடரில் அது நாகத்துக்கும் இரும்புக்கும் மேலே உள்ளது. அங்ஙனமாயின் துருசுக் கரைசலில் விரைந்து தாக்குதல் வேண்டும். இட்டுப் பார்த்தாலோ நெடுநேரம் வாளாவிருக்கும். பாடநூல் பொய்த்ததோ என மாணவன் ஐயுறும் வேளை அது. கற்பிப்போர் அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதிருப்பது நன்று. பின்னர்ச் சிறிது கறியுப்பை அக்கரைசலில் இட்டால், தகடு குமிழ்விட்டுச் சூடேறி, செந்தூள் மளமளவெனப் படியும். அலுமினியத்தை மூடியிருந்த மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உப்பின் குளோரைட்டு அயன் ஊடுருவியதன் விளைவு அது. இரும்பாணியை முதலில் அரத்தாளால் ஏன் தேய்த்தோம் என்பதும் அப்போது விளங்கும்.

சீனர் தொடங்கிய தொழில் அண்மைக்காலம் வரை நடந்தது. அயர்லாந்தின் விக்கிலோ மலைச்சுரங்கத்தில், தொழிலாளி ஒருவன் நீரில் விட்டுப்போன இரும்பு மண்வெட்டி செம்பால் மூடப்பட்டுக் கிடந்ததைக் கண்டே அங்கு இம்முறை தொடங்கிற்று என 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஒருவர் கூறுவர். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் செப்புச் சுரங்கங்கள் பழைய தகரப்பேணிகளைக் கூடத் துருசுநீரில் இட்டுச் செம்பு எடுத்தன. மலைநீரைத் துருசுநீராக்குவதில் நுண்ணுயிர்க்கும் பங்குண்டு என்பது 1947 இல் கொல்மர், இங்கிள் என்போர் சுரங்கநீரிற் கண்ட பற்றீரியாவால் வெளிப்பட்டது. 1968ஆம் ஆண்டு தொடக்கம், கரைப்பானாற் பிரித்து மின்னாற் படிவிக்கும் முறை பரவியதால் இரும்பின் தேவை அருகிவிட்டது.

தோட்டக்காரரிடம் மாத்திரம் இத்தாக்கம் இன்னும் ஒரு சிறு பணி செய்து வருகின்றது. பிரான்சின் போர்தோப் பகுதியில் கொடிமுந்திரிகையைத் தாக்கிய பூஞ்சண நோய்க்கு மில்லார்தே என்பவர் 1885 இல் அறிவித்த மருந்து, துருசையும் சுண்ணாம்பையும் நீரிற் சேர்த்த கலவை. அதனை இரும்பு வாளியிற் கரைக்கலாகாது என்று பயிர்ச்செய்கைக் கைந்நூல்கள் எச்சரிக்கும். வாளி அரியும், மருந்தும் கெடும். மண்பானையிலோ மரத்தொட்டியிலோ கலந்தபின், துலக்கிய கத்தியலகு ஒன்றைக் கலவையுள் சிறிது நேரம் பிடித்து எடுப்பர். அலகு வெண்மையாகவே இருந்தால் கலவையை இலைக்குத் தெளிக்கலாம். அலகு சிவந்திருந்தால் கரைந்த துருசு எஞ்சியுள்ளது; அது இலையைக் கருக்கிவிடும்; ஆகவே இன்னும் சிறிது சுண்ணாம்புப் பாலை ஊற்றிக் கலக்கி, கத்தியைத் துடைத்து மீண்டும் அமிழ்த்திப் பார்ப்பர்.